பரிசு வென்ற காளையின் காதில்

1

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், வேலைக்கு லீவு எடுத்துக்கொண்டு, மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய தோட்டத்துக்குப் போய்வருவேன். என் மகள் ஆரணிக்குச் சின்ன வயதில் இதய ஒப்பரேசன் நடந்த நாள் அது. தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கேதான் இப்போது அவள் சனிக்கிழமைகளில் வழிகாட்டியாக வேலை செய்கிறாள்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு கம்பளி வியாபாரத்தில் பணக்காரரான ஒரு வெள்ளைக்காரர் அங்கே மாளிகை கட்டினார். மாளிகைக்குக் கீழே ஒரு குளம் வெட்டினார். குளத்தைச் சுற்றி உலகத்தின் கட்டடங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சீனக் கோபுரம். உள்ளே ஏறப் படி கிடையாது. நீல ஓடு பதித்த ஓர் அரபு மண்டபம். ஒரு கோட்டையின் உடைந்த மூலை. அது உடைந்துபோன கோட்டையல்ல, உடைந்த மாதிரியே கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் பணக்காரத் தோட்டங்களில் இதெல்லாம் வழக்கமாம். நடந்து வருகிற விருந்தாளிகள் ஒரு திருப்பத்தில் சீனாவையும் அடுத்த திருப்பத்தில் மொரோக்கோவையும் பார்த்து வியக்க வேண்டும். காசு கொடுத்து இடிபாடு கட்டிய மனிதர்களைப் பற்றி நான் அதற்கு முன் கேள்விப்பட்டதேயில்லை. எங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

குளத்தின் தொலைவான கரையில், மூங்கில் புதருக்குப் பின்னால், நான்காவது கட்டடம். வாசலில் இருந்த பழைய வரைபடத்தில் அதன் பெயர் ‘இந்துக் கோயில்’ என்றுதான் போட்டிருந்தது.

சிவந்த தூண்கள், மேலே கலசம் வைத்த ஒரு குவிமாடம், முன்னால் நான்கைந்து படிகள். படிக்குப் பக்கத்தில் கால் மடித்துப் படுத்திருக்கும் ஒரு காளை. உள்ளே ஒரு மாடம் இருந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை. காளை மாடத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி இருந்தது. எந்தக் கோயிலில் நந்தி சாமிக்கு முதுகு காட்டும்? எனக்கு அது விளங்காமல் இல்லை. யாரோ திருத்த வேலை செய்தபோது நகர்த்தியிருப்பார்கள், திருப்பி வைக்கத் தெரியாமல் விட்டிருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சாமியை எடுத்துக்கொண்டு போய் அருங்காட்சியகத்தில் வைத்திருப்பார்கள் என்றும்கூட நினைத்தேன்.

2

நாங்கள் வந்த புதிதில் ஆரணிக்கு ஐந்து வயது. என் கணவர் முதலில் படிக்க வந்தவர். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் எங்களைக் கூப்பிட்டார். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்தோம். அதற்கு எல்லோரும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். எனக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை. ஆரணியின் நெஞ்சில் குழாயை வைத்த டாக்டர் அதை எடுக்காமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இதயத்தில் ஓட்டை.

இந்த நாட்டில் ஒரு விதி உண்டு. குடும்பத்தில் ஒருவர் உடல் பரிசோதனையில் தவறினால் முழுக் குடும்பமும் தவறினதாகவே கணக்கு. அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவு வைப்பார் என்று ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றி ஓர் அதிகாரி எழுத வேண்டும். எழுதும்வரை நாங்கள் இந்த நாட்டில் இருந்தோம், இருக்கவில்லை. திரும்பிப் போவதற்கு, சண்டைக்குள் அப்போது ஊர் இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும். இருந்தால் பிள்ளைக்கு ஒப்பரேசன் நடக்கும். போனால் என்ன நடக்கும் என்று நானும் இவரும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.

அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே கோயில் விரிகுடாவுக்கு மறுபக்கத்தில் இருந்தது. காரில்லாமல் பிள்ளையையும் கொண்டு போவதென்றால் அது ஒரு பயணம். தோட்டத்துக்கோ வீட்டடியிலிருந்து ஒரே பஸ். மூச்சுத் திணறாமல் பிள்ளை விளையாட ஒரு புல்வெளி என்றுதான் முதலில் போனோம். மூங்கிலைத் தாண்டியதும் அந்தக் கலசம் தெரிந்தபோது நான் நின்றுவிட்டேன். யோசிக்கவேயில்லை, கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றியது. ஆரணியின் சிவப்பு மழைச் சப்பாத்தையும் கழற்றினேன். “குளிருது அம்மா” என்றாள். “கோயில் பிள்ளை” என்றேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவன் கோயில் இருந்தது. வருடச் சோதனை எழுதும் காலத்தில் பெட்டைகள் எல்லோரும் நந்திக்கு முன்னால் வரிசையில் நிற்போம். நந்தியின் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் ரகசியமாகச் சொன்னால் அது அப்படியே சிவனிடம் போய்விடும் என்பது நம்பிக்கை. என் கூட்டாளி ஒருத்தி கணித பாடத்துக்கென்று போய், வேறு ஒன்றைச் சொன்னாள். அவள் ரகசியம் வரிசையின் கடைசி வரை கேட்டது. அந்தப் பெடியனுக்கும் அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. “நந்தி வேகமாத்தான் வேலை செய்யுது” என்று ரீச்சர்மார்கூடச் சிரித்தார்கள்.

அந்தப் பழக்கம்தான். ஒப்பரேசனுக்கு முதல் நாள் நான் அந்தக் காளையின் இடது காதைப் பொத்திக்கொண்டு வலது காதில் சொன்னேன். பிள்ளையைத் தா. ஒவ்வொரு வருடமும் ஒப்பரேசன் நாளில் வந்து உன் கொம்பில் மஞ்சள் துணி கட்டுகிறேன். விசாவைப் பற்றியும் சொல்ல வந்தேன். பேராசைப்படுகிறேன் என்று நினைத்துவிடுமோ என்று பயந்து சொல்லவில்லை.

பிள்ளை பிழைத்தாள். சில மாதங்களில் விசாவும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலும் கோயில்கள் வந்துவிட்டன. பொயிண்ட் குக்கில் வீடு வாங்கினோம். இப்போது நல்ல கோயிலுக்குக் காரில் போய்விடலாம். போகிறோம்தான். ஆனால் நேர்த்தியை எங்கே வைத்தோமோ அங்கேதான் தீர்க்க வேண்டும். ஒரு வருடமும் விடவில்லை. கட்டிய துணி அடுத்த வருடம் அங்கே இருக்காது. தோட்டக்காரர்கள் அறுத்துவிடுவார்கள். நான் புதிது கட்டுவேன்.

3

ஆரணி கட்டடக்கலை படித்தாள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி மேலே படிக்கிறாள். அந்தத் தோட்டத்திலேயே அவளுக்கு வழிகாட்டி வேலை கிடைத்தபோது நான் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மலர் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன், டண்டினொங்கில் இருக்கும் என் மச்சாளுக்குச் சொன்னேன், இவர் போதும் என்று சொல்லும்வரை சொன்னேன். எங்கே அவளுடைய உயிரைக் கேட்டேனோ அங்கேயே அவளுக்கு வேலை. இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த வருடம் அந்த நாள் சனிக்கிழமையில் வந்தது. ஆரணி நகரத்துக்குக் கிட்ட நண்பர்களோடு வாடகைக்கு இருக்கிறாள். ஞாயிறு மத்தியானம்தான் சாப்பிட வருவாள். அவளிடம் சொல்லாமல், அவளுக்குப் பிடித்த மீன் ரோல்ஸ் சுற்றிக்கொண்டு போனேன். மழை. ஒரு கூட்டம் குடைகளோடு மாளிகை வாசலில் நின்றது. முன்னால் ஆரணி. நானும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டேன். மறைய வேண்டும் என்றில்லை. அம்மா நிற்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளைக்கு வாய் குழறும் என்று நினைத்தேன்.

வாய் குழறுகிற பிள்ளையில்லை அவள். ஏழு வயதிலிருந்து எனக்கு வாயாக இருந்தவள். வங்கியில், பள்ளிக்கூடத்தில், மின்சாரக் கொம்பனியின் போனில், ‘என்ர அம்மா சொல்லுறா’ என்று தொடங்கி நான் தமிழில் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் சொல்லுவாள். நான் சொன்னதைவிட நல்லதாகவே சொல்லுவாள். ஊரில் பூமிசாத்திரம் படிப்பித்த எனக்கு, அவள் குட்டைப் பாவாடையோடு அதிகாரிகளுக்கு முன்னால் நின்று பேசுவதைக் கேட்க வெட்கமும் பெருமையும் சேர்ந்து வரும். அன்றும் அப்படித்தான். சீனக் கோபுரத்தைப் பற்றிச் சொன்னாள். அதன் மணிகள் தகரத்தில் செய்தவை என்றாள். இடிபாட்டைப் பற்றிச் சொன்னாள். அதற்குள் கம்பளிக்காரர் விருந்தாளிகளைப் பயப்படுத்த ஒரு கிழவரைச் சம்பளத்துக்கு இருத்தி வைத்திருந்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மூங்கிலைத் தாண்டினோம்.

இது கோயில் இல்லை என்றாள். இதைக் கட்டியவர் இந்தியாவைக் கண்டதில்லை. ஒரு படப் புத்தகத்தில் பார்த்த மசூதியின் குவிமாடத்தையும் வேறொரு கல்லறையின் தூண்களையும் சேர்த்து, மரத்தில் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, கல் மாதிரி நிறம் அடித்தார்கள். மாடத்துக்குள் சாமி ஒருநாளும் இருந்ததில்லை. கோடையில் பியர்ப் போத்தல்களை ஐஸில் வைக்கும் இடம் அது.

நான் குடையின் பிடியை இறுக்கிப் பிடித்தேன். ஆனாலும் அந்த அளவில் பொறுத்திருப்பேன். கட்டடம் பொய்யாக இருக்கலாம், அதில் வைத்த நேர்த்தி பொய்யில்லை.

“சரி, இந்தக் காளை?” என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் காத்திருந்தது தெரிந்தது. அது கம்பளிக்காரரின் சொந்தக் காளை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. விவசாயக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அது செத்தபோது மனிதர் தாங்க முடியாமல் சிலை வைத்தார். தான் மாளிகை விறாந்தையில் இருந்தபடியே முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் குளப்பக்கம் திருப்பி வைத்தார்.

சிரிப்பு அடங்கவிட்டு அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை என்றாள். பல வருடங்களாக ஒரு பெண் இங்கே வருகிறாள். சப்பாத்தைப் படியடியில் கழற்றிவிட்டு, இந்தக் காளையின் கொம்பில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டுவாள். பிறகு ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் ஏதோ ரகசியம் சொல்லுவாள். ஆரணி பொத்திக் காட்டினாள். அதே இடது காது.

அவர்கள் சிரித்தது கெட்ட சிரிப்பில்லை. அன்பான சிரிப்புத்தான். எனக்கு முன்னால் நின்ற பெண் “ஐயோ, எவ்வளவு இனிமை” என்றாள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நின்றால் தெரிந்துவிடும் என்று என் முகமும் சிரித்தது.

அந்தப் பெண்தான் கேட்டாள்: “அவள் அதனிடம் என்ன கேட்டாள்?”

என் மகள், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டைக்குள்ளே நெஞ்சின் நடுவே அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு, தோளைக் குலுக்கிச் சிரித்தாள்.

“அது ஒருத்தருக்கும் தெரியாது.”

4

ரோல்ஸை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துணியும் கைப்பையிலேயே இருந்தது. நடந்ததைச் சொன்னதும் இவர் முதலில் காளைக்குத்தான் சிரித்தார். “இவ்வளவு காலமும் வெள்ளைக்காரன்ர மாட்டையே கும்பிட்டனீர்? பரவாயில்லை, முதல் பரிசு வாங்கின மாடுதானே” என்றார். நான் சிரிக்காததைக் கண்டு, “விடும், அவள் வேலைக்குச் சொல்லுறாள்” என்றார். வேலைக்கு. அந்தச் சொல்லை இரவெல்லாம் உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணி வந்தாள். சாப்பிட்டு முடித்துக் குசினியில் கோப்பை கழுவும்போது சொன்னேன்.

“நேற்று நான் வந்தனான்.”

“எங்க?”

“மாட்டடிக்கு. குடையோட பின்னால நிண்டனான்.”

தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் என்ன கேட்டனானெண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ, பிள்ளை?”

“அம்மா, ப்ளீஸ்.”

“உனக்குமோ தெரியாது?”

“எனக்குத் தெரியும்” என்றாள் மெதுவாக. அதன் பிறகு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அந்தத் தோட்டத்தில் எல்லாமே அந்த மனிதனின் கதை, அம்மா. அவன் குளம், அவன் கோபுரம், அவன் மாடு. அந்தக் கட்டடங்களில் ஒன்றை உண்மையாக வைத்துப் புழங்கிய ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் நீங்கள் அங்கே வந்ததே இல்லாமல் போய்விடும்.

இதை அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்று விளங்கியது. நல்ல பதில்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

“அப்ப ஏன் ‘ஒரு பெண்’? ‘என்ர அம்மா’ எண்டு சொல்ல உனக்கு வாய் வராதே? சின்னனில நாள் முழுக்க அதைத்தானே சொன்னனீ.”

அவள் கை துடைக்கும் துவாயை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள்.

“‘என்ர அம்மா’ எண்டு சொன்னால் பிறகு ஒருத்தரும் பில்டிங்கைப் பார்க்க மாட்டினம். என்னைத்தான் பார்ப்பினம். எதுக்கு நேர்த்தி எண்டு கேப்பினம். பிறகு என்ர நெஞ்சைப் பார்ப்பினம்.” இதைத் தமிழில் சொன்னாள். “நான் அந்தக் கட்டடங்களைக் காட்டுற ஆள், அம்மா. எனக்கு அதுகளில ஒண்டாய்ப் போய் நிக்க விருப்பமில்லை.”

என்னிடம் இன்னொரு கேள்வி இருந்தது. போன வருடம் அவளே தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனவள். நான் காளையின் காதில் குனிந்திருக்க, என் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியடியில் காத்து நின்றவள்.

“போன வருசமே உனக்குத் தெரியுமோ? மாட்டைப் பற்றி?”

“ஓம்.”

“பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் சந்தோசமா நிண்டீங்கள்.”

இவர் கதவடியில் வந்து நின்றிருந்தார். “மாடோ நந்தியோ, பிள்ளை உயிரோட நிக்கிறாள்தானே” என்றார். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை. அவர் திரும்பிப் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருந்துவிட்டார்.

நான் ஆரணியிடம் ஒன்றுதான் கேட்டேன். “சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லு. அரைவாசி சொல்லாதை. முழுக்கச் சொல்லேலாதெண்டால் சொல்லவே வேண்டாம்.”

“ஓகே” என்றாள். வழக்கமாக ரோல்ஸைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பேன், வாங்கிக்கொண்டு “போட்டு வாறன்” என்பாள். அன்றும் வாங்கினாள், அன்றும் சொன்னாள். ஒன்றும் நடக்காத மாதிரி நடந்துகொள்வதில் நாங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்.

5

அதன் பிறகு நான் அவளோடு கோபமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. போன் எடுத்தால் கதைத்தேன். ஆனால் வேலைத்தலத்தில், பஸ்ஸில், அரிசி கழுவும்போது அந்தத் தோள் குலுக்கல் வந்து நிற்கும். எங்களுக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் குடிப்பார்கள், சொல்லாமல் கலியாணம் செய்வார்கள், பெற்றோரைப் பற்றி அதிகாரிகளுக்கு முறைப்பாடு எழுதுவார்கள். அதையெல்லாம் கேட்டு எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லையே என்று ஆறுதல்பட்டவள் நான். என் பிள்ளை என்னைப் பற்றி மரியாதையாக, அழகாக, பிழையில்லாமல் பேசினாள். ஆனால் யாரோ தெரியாத ஒருத்தி மாதிரிச் சொன்னாள்.

இரண்டு தெரிவு கொடுத்திருந்தேன் அல்லவா? உண்மையைச் சொல்லப்போனால், முதலாவதைத்தான் எடுப்பாள் என்று நம்பியிருந்தேன். கண்ணை மூடினால் அவள் சொல்வது எனக்குக் கேட்கும். ‘அந்தப் பெண் என்ர அம்மா. அவ கேட்டது என்னை.’ அவ்வளவுதான். இரண்டு வசனம். ஆங்கிலத்தில் இன்னும் சின்னதாக இருக்கும்.

வசந்தம் தொடங்கி வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்த ஒரு சனிக்கிழமை, கட்டாமல் விட்ட துணியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை வருகிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். மாளிகை வாசலில் என்னைக் கண்டதும் எல்லோருக்கும் சொன்ன மாதிரி எனக்கும் வணக்கம் சொன்னாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். நான் கூட்டத்தோடு நடந்தேன். தகர மணிகள், சம்பளக் கிழவர், எல்லாம் வந்தன.

மூங்கிலைத் தாண்டியதும் சப்பாத்தைக் கழற்றினேன். பியர்ப் போத்தல் வைத்த இடம் என்று தெரியும். செத்த மாட்டின் ஞாபகார்த்தம் என்றும் தெரியும். தெரிந்துகொண்டும் சப்பாத்தோடு ஏற என் காலுக்கு வரவில்லை. அதைவிட, அவளுக்கு இலகுவாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். சொல்ல வேண்டிய ஆள் இதோ, காலில் ஒன்றுமில்லாமல், ஒரு கையில் சப்பாத்தோடும் மறு கையில் மஞ்சள் துணியோடும் நிற்கிறாள்.

ஆரணி படப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னாள். காளையின் முதல் பரிசைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க அவள் விடும் அந்த இடைவெளி வந்தது. நான் துணியை விரலில் சுற்றிக்கொண்டேன்.

“இனி அரபு மண்டபத்தைப் பார்ப்போம்” என்றாள்.

கூட்டம் அசையத் தொடங்கியது. அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு வயதான மனிதர், தொப்பிக்காரர், என் காலைப் பார்த்துவிட்டு, குற்றமில்லாத ஆவலோடு சத்தமாகவே கேட்டார், ஏன் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறீர்கள் என்று. இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். முன்னால் போன ஆரணியும் நின்றாள்.

இருபது வருடங்களாக எனக்காகப் பதில் சொன்னவள் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றாள். அந்த இரண்டு வசனமும் எனக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் தெரியும்.

“புதுச் சப்பாத்து” என்றேன். “கடிக்குது.”

என் கையில் இருந்தவை குதி தேய்ந்த பழைய சப்பாத்துகள். அந்த மனிதர் நல்லவர். பார்த்தார், தலையாட்டினார், போனார். துணியை நான் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

ஆரணி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தோள்கள் இறங்கின, முகம் தெளிந்தது. அப்படியொரு மூச்சை என் வாழ்க்கையில் ஒரு தரம் நான் விட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியில், கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று சொன்னபோது.